வொல்கா பாலத்தைப் படம் எடுத்த ஞாயிற்றுக்கிழமை

அந்த அதிகாரி என் டேனிஷ் பாஸ்போட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்த வரி. என் முகத்தைப் பார்த்தார், பாஸ்போட்டில் இருந்த படத்தைப் பார்த்தார், மறுபடியும் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். மெசின்களைப் பொருத்திப் பூட்டும் வேலைக்காக எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறேன். அவ்வளவு பயந்த இடம் வேறில்லை.

நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

1. பயணம்

நான் டென்மார்க்கில், பிரெடெரிசியாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்விஸ் மொண்டோர், அதாவது மெசின் பூட்டித் திருத்துகிறவன். தயிரையும் கிறீமையும் கப்பில் நிரப்பி மூடும் மெசின்கள் செய்கிற இடம். மெசினை விற்றுவிட்டால் வேலை முடிந்துவிடாது. வாங்கியவரின் ஆலைக்கே போய் அதைப் பூட்டி, ஓடவிட்டு, அங்குள்ளவர்களுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும். கமிஷனிங் என்போம். உக்ரைன் யுத்தத்துக்கு முந்திய காலம் அது. ரஷ்யாவுக்கும் சாதாரணமாகப் போய்வந்தோம்.

அந்த முறை போன இடம் யாரொஸ்லாவ்ல். மாஸ்கோவுக்கு வடக்கே, வொல்கா நதிக்கரையில் இருக்கும் மிகப் பழைய நகரம்.

"இஞ்சருங்கோ, ரஷ்யாவெண்டால் எனக்குப் பயமாக் கிடக்கு. வேற ஆரையும் அனுப்பச் சொல்லேலாதோ?" என்று மனைவி றஞ்சி பெட்டி அடுக்கும்போது கேட்டாள்.

"ஏலாது. இந்த மெசினைக் கழட்டிப் பெட்டியில போட்டதே நான்தான். நான்தான் பூட்டவும் வேணும்."

"அப்ப நான் ஜெபம் பண்ணிக்கொண்டு இருக்கிறன். ஒவ்வொரு நாளும் போன் அடிச்சுக் கதையுங்கோ."

மகள் கணினியை விட்டு எழும்பாமலே, "பாஸ் போ, ஃபார்" என்றாள். கவனம் அப்பா என்று அர்த்தம்.

என்னோடு வந்தவர் ஹென்றிக். எனக்கு மேலாள், டேனிஷ்காரர். ஒரு கப் மூடி சற்று விலகினாலும் அவர் போடும் சத்தம் ஆலை முழுக்கக் கேட்கும். நானோ ஆலை வாசலில் சீருடைக் காவலாளியைக் கண்டாலே கையைப் பொக்கற்றில் இருந்து வெளியே எடுத்துவிடுவேன். டென்மார்க்கில் இத்தனை வருடம் இருந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

2. ஆற்றங்கரை

ஞாயிற்றுக்கிழமை ஆலை பூட்டு. "ஆத்தங்கரையைப் பாக்காமல் டென்மார்க்குக்குத் திரும்பாதேங்கோ" என்று ஆலையின் மொழிபெயர்ப்பாளர் லேனா சொல்லியிருந்தார். அவர் எங்களோடு ஆங்கிலத்தில் கதைப்பார். நானும் ஹென்றிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளிக்கிட்டோம்.

உயரமான கரை. கீழே வொல்கா கட்டியாக உறைந்து கிடந்தது. ஆற்றின் நடுவிலேயே ஆட்கள் சின்ன முக்காலிகளில் குந்தியிருந்து, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடித்தார்கள். கரை நெடுகப் பழைய தேவாலயங்கள். வெங்காயம் போலக் குவிந்த கோபுரங்களில் பனி படிந்திருந்தது. இன்னொரு சிறிய ஆறு வந்து வொல்காவில் சேரும் முனையில் ஹென்றிக் கூடச் சத்தமில்லாமல் நின்றார்.

அங்கிருந்து திரும்பி, ஆற்றோரமாக மேலே வெகுதூரம் நடந்தோம். ரயில் பாலம் வந்தது. வானம் சிவந்திருந்த நேரத்தில் நீளமான ஒரு ரயில் அதில் ஏறியது. மகளுக்கு அனுப்பலாம் என்று போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

பின்னால் பனி நெரிபடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். சீருடையில் இரண்டு பேர்.

ஒருவர் என் போனைக் காட்டி ஏதோ சொன்னார். ஹென்றிக் உடனே முன்னால் போய், "ஒரு படம்தானே எடுத்தது! என்ன பிரச்சினை உங்களுக்கு?" என்று சத்தம் போடத் தொடங்கினார்.

நான் டேனிஷில் மெதுவாகச் சொன்னேன்: "ஹென்றிக், சத்தம் போடாதையும். கையை அவையள் பாக்கிற மாதிரி வெளியில வையும். கேக்கிறதைக் குடும்."

என் குரலில் என்ன இருந்ததோ தெரியாது, அவர் வாயை மூடிவிட்டார்.

3. காவல் அறை

எங்களைக் கொண்டுபோய் இருத்தியது சிறிய அறை ஒன்றில். ஹீற்றர் கொதித்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது. முதலில் சொன்ன அந்த அதிகாரி எங்கள் பாஸ்போட்டுகளை வாங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனது அங்கேதான்.

ஒருவரும் என்னை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. அதைச் சொல்லவேண்டும். ஆனால் எனக்கு ஊரில் யுத்த காலத்து வவுனியா இராணுவச் சோதனைச்சாவடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் வந்த எல்லாருடைய அடையாள அட்டையும் வாங்கினார்கள். மற்றவர்களுடையது திரும்பி வந்தது, என்னுடையது வரவில்லை. கொண்டக்டர் என் பையை றோட்டோரம் வைத்துவிட்டு விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. பஸ்ஸில் போனவர்களைக் குறை சொல்லமாட்டேன். நின்றிருந்தால் அவர்களையும் பிடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை.

தகவல் கிடைத்து லேனா ஓடிவந்தார். அதிகாரியோடு நெடுநேரம் கதைத்தார். கடைசியில் ஒரு பாஸ்போட் மட்டும் மேசைக்கு வந்தது. ஹென்றிக்கினுடையது.

"ஹென்றிக் போகலாமாம்" என்று லேனா எங்களைப் பார்க்காமலே சொன்னார். "இவரின்ர விபரத்தை மாஸ்கோவுக்கு அனுப்பியிருக்கினம். பதில் வரவேணுமாம்."

"எப்ப வரும்?"

"தெரியாதாம்."

நான் ஹென்றிக்கிடம், "நீர் போம். போய் றஞ்சிக்குப் போன் அடிச்சு, பயப்படாமல் இருக்கச் சொல்லும்" என்றேன். விடப்பட்டவன் உடனே போய்விட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த முறை.

ஹென்றிக் தன் பாஸ்போட்டைப் பார்த்தார். எடுக்கவில்லை. "ரெண்டு பேரா வந்தனாங்கள்" என்றார். அவர் சத்தம் போடாமல் கதைத்ததை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

அதிகாரி எரிச்சலோடு ஏதோ சொன்னார். லேனா தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார். அந்த ஊரில் தொடர்ந்து வாழ வேண்டியவர் அவர்தானே. "உள்ள இருக்கேலாதாம். வெளியில போகட்டாம்."

"அப்ப வெளியில நிக்கிறன்."

ஹென்றிக் எழும்பிப் போனார். கதவு மூடியபோது, பஸ் புறப்பட்ட சத்தமே என் காதில் கேட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு அப்பால், விளக்குக் கம்பத்தின் கீழே, அவருடைய நீலத் தொப்பி தெரிந்தது. கால்களை மாறி மாறி உதைத்துக்கொண்டு நின்றார். பனி கொட்டத் தொடங்கியது. அவர் நகரவில்லை. நான் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு மெல்ல மெல்ல ஒழுங்காக வந்தது.

கடைசியில் அதிகாரியே ஜன்னலடிக்குப் போய்ப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டு லேனாவிடம் ஏதோ சொன்னார்.

"உள்ள கூப்பிடட்டாம். விறைச்சுச் செத்தால் அதுக்கும் தானாம் பதில் சொல்லவேணும்."

ஹென்றிக் உள்ளே வந்து என் பக்கத்தில் இருந்தார். அவருடைய சப்பாத்தில் இருந்து தண்ணீர் ஓடியது. பிறகு உள்ளறையில் ரெலிபோன் அடித்தது. அதிகாரி என் பாஸ்போட்டோடு வெளியே வந்தார். போனில் இருந்த படத்தை என் கையாலேயே அழிக்கச் சொன்னார்.

"பாலத்தை எடுக்கக் கூடாதாம்" என்றார் லேனா. "கோயிலை எத்தினை எண்டாலும் எடுக்கலாமாம்."

வெளியே வந்ததும் ஹென்றிக் சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தார். கை நடுங்கியதில் லைற்றர் விழுந்தது. நான் எடுத்துப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

"ஏன் போகேல்லை?" என்று கேட்டேன்.

"போனால் நாளைக்கு மெசினை ஆரோட பூட்டுறது?" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "சரியாப் பயந்துபோனன்" என்றார்.

4. இப்போது

ஹென்றிக் ஓய்வுபெற்றுவிட்டார். ரஷ்யப் பயணங்கள் நின்றுவிட்டன. லேனாவிடம் இருந்தும் செய்தியில்லை. சேர்விஸுக்கு ஆட்களை அனுப்பும் பொறுப்பு இப்போது என்னிடம். யாரையும் தனியாக அனுப்புவதில்லை. வெளிக்கிடும்போது இரண்டு விஷயம் சொல்வேன். பாலம், துறைமுகம், சீருடை ஆட்கள் இருக்கும் இடம் எதையும் படம் எடுக்காதீர்கள். இரண்டாவது, ஒருவரைத் தடுத்து வைத்தால் மற்றவர் விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் அவருடைய கண்ணில் படுகிற இடத்தில் நில்லுங்கள்.

அண்மையில் போலந்துக்கு வெளிக்கிட்ட ஒரு பெண் மொண்டோர், "எனக்கே பயமா இருந்தால்?" என்று கேட்டார்.

"நடுங்கிக்கொண்டே நில்லுங்கோ" என்றேன். "அப்பிடித்தான் நிக்கிறது."