என்னைக் கேட்காமல் என்னை விற்றார்கள்

எனக்கு நாலு வயதில் வந்த காய்ச்சல் இறங்கும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதற்குள் பேசப் பழகியிருந்ததால் குரல் மட்டும் தங்கியது. அது மற்றவர்கள் குரல் மாதிரி இருக்காது என்பதை எதிரில் இருப்பவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நான் வாயைத் திறந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் அக்கம்பக்கம் பார்ப்பார்கள். எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே எனக்கு ஊமச்சி என்று பேர். பேசத் தெரிந்தவளை எப்படி ஊமச்சி என்று சொல்லலாம் என்று அம்மாவிடம் சண்டை போடுவேன். அம்மா கையை விரித்துக் காட்டிவிட்டுக் களை எடுக்கப் போய்விடுவாள்.

மதுரையில் காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். வகுப்பில் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும், வாயால்தான் பதில் சொல்ல வேண்டும். கையை ஆட்டிப் பேசினால் விரல் மேல் ஸ்கேல் விழும். விடுதிக்கு வந்ததும் அத்தனை பேரும் கையால்தான் பேசுவோம். உலகத்தில் நான் தெரிந்துகொண்டதில் பாதிக்கு மேல் அந்த விடுதியில் கையால் கேட்டதுதான். எனக்கு அடுத்த பாயில் படுத்தவள் திருச்சுழிப் பக்கத்துப் பெண். என்னைவிட வேகமாகப் பேசுவாள், என்னைவிட வேகமாகச் சண்டை போடுவாள். எங்களைப் பிரித்து உட்கார வைத்தாலும் வகுப்பின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பேசிக்கொண்டிருப்போம்.

படிப்பு முடிந்ததும் அவள் பெங்களூரில் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலைக்குப் போனாள். நான் ஊருக்கு வந்தேன். வீட்டில் ஒவ்வொருவராகப் போன் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். அப்பா தன் காதைத் தொட்டுக் காட்டி, எதுக்கு என்று கேட்டார். கோபப்பட்டுக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், பேசாமல் இருந்து பார்த்தேன். கடைசியில் அண்ணன் வேண்டாமென்று போட்ட பழைய போன் கைக்கு வந்தது. மெசேஜ் அனுப்பலாம். ஆனால் அது எங்கள் பேச்சாக இல்லை. புருவத்தைத் தூக்கினால் எங்களுக்கு அது கேள்வி. கன்னத்தை உப்பிக்கொண்டு சொன்னால் ரொம்ப என்று அர்த்தம். இதையெல்லாம் எந்தப் பட்டனை அமுக்கி அனுப்புவது? அவள் "நல்லா இருக்கேன்" என்று அனுப்புவாள். நல்லா இருக்கிறாளா, அழுதுகொண்டு டைப் அடிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, அருப்புக்கோட்டையில் உரமும் விதையும் விற்கிற கடை வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் பில் போட ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. இன்டர்நெட் வழியாக முகம் பார்த்துப் பேசலாம், ஓசியில் பேசலாம் என்று ஒரு சேவை வந்திருப்பதாகப் பெங்களூர்த் தோழி மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போனேன்.

பிளைவுட் தடுப்பு, முன்னால் ஒரு திரைச்சீலை, உள்ளே இருட்டு. சென்டர்க்காரர் ஹெட்போனை எடுத்து என் தலையில் மாட்ட வந்தார். வேண்டாம் என்று தள்ளினேன். மறுபடியும் மாட்ட வந்தார். எனக்குக் காது கேட்காது, எனக்கு வெளிச்சம்தான் வேண்டும் என்று எழுதிக் காட்டினேன். காது கேட்காதவள் போன் பேச வந்திருக்கிறாளே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் மேலே டியூப்லைட்டைப் போட்டுவிட்டுப் போனார். திரையில் தோழி வந்தாள். முகம் கட்டம் கட்டமாக உடைந்து, ஆனாலும் அவள்தான். கையைத் தூக்கி முதலில் கேட்டது, "ஏன் இப்படி இளைச்சுப்போயிட்ட?" நான் அழுதேன். அழுகையை நிறுத்திவிட்டுப் பேசச் சொன்னாள், நேரம் போகிறது என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதில்லை. படம் திடீரென்று உறைந்துபோகும். அவள் கை பாதிச் சொல்லில் காற்றில் நிற்கும், மீதிச் சொல் வருவதற்குள் நான் பத்து அர்த்தம் நினைத்திருப்பேன். அதனால் மெதுவாகப் பேசப் பழகினோம். கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும், பூப்போட்ட துணி உடுத்தக் கூடாது. விடுதியில் கூடப் படித்தவர்கள் கோவையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஊமச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை டவுனில் என்ன வேலை என்று ஊரில் கேட்டார்கள். அம்மா மதியச் சோற்றை டப்பாவில் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

ஒருநாள் காலையில் கடையில் பேப்பரை விரித்தேன். கம்ப்யூட்டருக்கு சாப்ட்வேர் செய்கிற உலகத்துப் பெரிய கம்பெனி ஒன்று, நாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தச் சேவையை விலைக்கு வாங்கிவிட்டது என்று போட்டிருந்தது. பெருந்தொகை. அதையே மறுபடியும் படித்தேன். விடுதியில் நாங்கள் படுத்த பாயை யாரோ சுருட்டிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

அந்த ஞாயிறு தோழியிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. நல்லதுதான் என்றாள். பெரியவன் கைக்குப் போனால் படம் உறையாது, எல்லாக் கம்ப்யூட்டரிலும் அவனே போட்டுக் கொடுப்பான், நீ சென்டருக்குப் போகவே வேண்டாம் என்றாள். நான் எங்கள் ஊர் வழி பஸ்ஸைச் சொன்னேன். சின்ன முதலாளி ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை ரூட்டோடு பெரிய முதலாளி வாங்கினார். பஸ் புதுசாக வந்தது, சீட்டு மெத்தையாக இருந்தது. ஆனால் மில் வேலைக்குப் போகிற பெண்களுக்கென்று இருந்த காலை ட்ரிப்பை எடுத்துவிட்டார்கள். யாரும் அந்தப் பெண்களைக் கேட்கவில்லை. பஸ் வேறு, இது வேறு என்றாள் தோழி. நீ எதையும் நம்ப மாட்டாய் என்றாள். நீ எவனையும் நம்பிவிடுவாய் என்றேன் நான். தடுப்புக்கு அந்தப்பக்கம் இருந்தவர் திரைச்சீலையை விலக்கி எட்டிப்பார்க்கிற அளவுக்குக் கையை வீசியிருக்கிறேன்.

மறுநாள் கடையில் அதே பேப்பரை வைத்துக்கொண்டு சித்தப்பா பேசிக்கொண்டிருந்தார். முதல் மழை பெய்திருந்ததால் பருத்தி விதை வாங்கத் திருச்சுழி, மல்லாங்கிணறுப் பக்கத்து விவசாயிகள், எங்கள் பேச்சில் சம்சாரிகள், நிறையப் பேர் நின்றார்கள். சித்தப்பா உதட்டை எனக்கு நன்றாகப் படிக்க வரும். அந்தக் கம்பெனிக்காரனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்றார். சும்மா பேசவிடுகிற கடையில் என்ன லாபம் வரும், ஓசிப் பந்தி நடக்கிற இடத்தில் போய்ப் பந்தலை விலைக்கு வாங்கின கதை இது என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் கடையில் வாயைத் திறப்பதில்லை. வேண்டியதை எழுதிக் காட்டுவேன், இல்லையென்றால் கையைக் காட்டுவேன். அன்றைக்கு எழுத மனம் வரவில்லை. எழுந்து நின்று வாயால் சொன்னேன்.

"சித்தப்பா, இந்தக் கடைய ஒருத்தன் வெலைக்குக் கேட்டா, இங்க கெடக்குற மூட்டைக்கா காசு குடுப்பான்? வர்ற சம்சாரிகளுக்குத்தான குடுப்பான்? அவன் வாங்குனது பந்தல இல்ல. பந்தியில உக்காந்திருக்குற எங்கள. என்னையக் கேக்காம என்னைய வித்துட்டாக."

சம்சாரிகள் என் பக்கம் திரும்பினார்கள். சித்தப்பா என் பக்கம் வந்து உள்ளங்கையைக் கீழ்நோக்கி ஆட்டினார். "மெதுவாப் பேசு தாயி, ஆளுக நிக்காக."

நான் சொன்னது சரியா தப்பா என்று அவர் சொல்லவில்லை. என் குரலைத்தான் அவர் கேட்டிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. எத்தனை வருசமாக இந்தக் குரலை மடித்து உள்ளே வைத்திருந்தேன், இவர்களுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. "எம் பேச்சு இப்படித்தான் இருக்கும். கேக்க முடியாதவுக காதப் பொத்திக்கோங்க" என்றேன். அதுவும் சத்தமாகத்தான் வந்திருக்கும். பிறகு உட்கார்ந்து அடுத்த பில்லைப் போட்டேன். தொகையை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பில் தப்பாகப் போகவில்லை.

அன்றிலிருந்து கடையில் நான் வாயால்தான் பேசினேன். சித்தப்பா இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. சம்சாரிகள் முதலில் நெளிந்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டார்கள். என் முகத்துக்கு நேராக வந்து நின்று, இன்ன விதை இருக்கா என்று உதட்டை நன்றாக அசைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தோழி சொன்னதும் நடந்தது. அதை மறைக்க மாட்டேன். படம் தெளிவானது. பிறகு அதே சேவை போனுக்குள்ளேயே வந்தது, சென்டருக்குப் போகிற வேலை போயிற்று. அவள் பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் திரையில் காட்டியபோது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த நாலைந்து சைகையில் அவளிடம் பத்தியம் சொன்னாள்.

ஆனால் நான் பயந்ததும் நடந்தது. ஒருநாள் பழைய கணக்கில் உள்ளே விடமாட்டோம் என்று திரையில் வந்தது. பெரிய கம்பெனியின் கணக்கோடு சேர்க்க வேண்டுமாம். அது நான்தானா என்று உறுதி செய்ய என் நம்பருக்குப் போன் போட்டு, ஒரு எண்ணை வாயால் சொல்வார்களாம். போன் என் கையில் அதிர்ந்தது. எடுத்தேன். எண் எங்கோ எனக்குள் வராமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் நான்தான் என்று சொல்ல எனக்குக் காது வேண்டியிருந்தது. மறுபடி போன் வந்தபோது சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் கேட்டு, ஒவ்வொரு எண்ணாக விரலில் காட்டினார். காட்டிவிட்டு அவருக்கே கோபம் வந்துவிட்டது. காது கேக்காத பிள்ளைக்குப் போன்ல கூப்பிட்டுச் சொல்றானே, இவன் வாங்குனது உருப்படுமா என்றார்.

"அவுக யாவாரக் கணக்குச் சரிதான் சித்தப்பா. எனக்குத்தான் சரியில்ல. ரெண்டும் வேற வேற" என்றேன்.

அவர் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அந்தக் கம்பெனிக்கு என்ன குறை என்று எழுதிப்போடு என்றார். எழுதிப்போட்டேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. எழுதியது நான் மட்டும் இல்லை, எங்கள் கூட்டத்தில் அத்தனை பேரையும் எழுத வைத்தேன். எண்ணை மெசேஜிலும் அனுப்பும் வசதி பின்னால் ஒருநாள் வந்தது. எங்களால் வந்ததா, தானாக வந்ததா, தெரியாது. எங்களால்தான் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது சித்தப்பாவுக்கு முட்டி வலி, கடைக்கு வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. கடையை நான்தான் நடத்துகிறேன். இந்த வருசம் அந்தச் சேவையையே மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் கணக்கையெல்லாம் ஆபீஸ் வேலைக்கென்று செய்த இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அன்னைக்கே சொன்னேனா இல்லையா, பெருந்தொகை குடுத்து வாங்கி இப்ப இழுத்து மூடுறான் பாரு என்றார். இத்தனை வருசம் இதற்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது.

அவர் ஜெயித்துவிட்டதாக நான் ஒத்துக்கொள்ளவில்லை. வாங்கினவன் போட்ட காசை எடுத்தானா இல்லையா என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும். அந்தச் சேவையில் நாங்கள் கல்யாணம் பேசினோம், சாவுக்கு அழுதோம், வேலை போனவளுக்கு வேலை தேடினோம். ஸ்கேலால் அடித்து நிறுத்தப் பார்த்த மொழியை ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தோம். அதில் ஒரு சொல்கூட அவர்கள் செய்து கொடுத்ததில்லை. இதையெல்லாம் சித்தப்பாவிடம் வாயால் சொன்னேன். "ஒங் குரலு முன்னவிட எடுப்பா இருக்கு" என்றார். கிண்டலா பாராட்டா என்று கேட்கவில்லை.

மூட்டை மாதிரி இங்கிருந்து தூக்கி அங்கே போடுவதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. எங்கே போவது என்று நேரில் உட்கார்ந்து முடிவு செய்வோம் என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினேன். லீவுக்குத் திருச்சுழி வந்திருந்த தோழி முதல் ஆளாக வந்தாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டலில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம். நரைத்த தலைகள், பிள்ளை பெற்ற வயிறுகள், ஆனால் அதே கைகள். நான் போகவே கூடாது என்று நினைத்திருந்த வேறொரு சேவைக்குத்தான் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். அதுவும் ஒரு பெரிய கம்பெனியுடையதுதான், அவர்களும் ஒருநாள் இதையே செய்வார்கள் என்றேன். செய்யட்டும், அப்போது மறுபடியும் இங்கே வந்து தோசை சாப்பிடுவோம் என்றாள் தோழி. நான் தோற்றேன். தோற்றதில் எனக்கு வருத்தமில்லை, என்னைக் கேட்டுவிட்டுத்தானே செய்தார்கள்.

ஓட்டலில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். பக்கத்து மேசைக்காரர் தன் கூட வந்தவரிடம் சொன்ன "ஊமைக" என்ற சொல்லை உதட்டில் படித்தேன். "ஊமை இல்லண்ணே, எங்களுக்குக் காதுதான் கேக்காது. தண்ணிச் செம்ப இங்கிட்டுத் தள்ளுங்க" என்றேன். தள்ளினார்.

சாயங்காலம் தோழி திருச்சுழி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள். கண்ணாடியைத் திறக்க முடியவில்லை. மற்ற பயணிகளை வழியனுப்ப வந்தவர்கள் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் என்ன என்ன என்று காதருகே கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மூடிய கண்ணாடிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாகப் பேசினோம். பஸ் நகர்ந்த பிறகும் பேசினோம். அவள் நாத்தனார் மகளுக்கு வந்திருக்கிற வரனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பையன் சரியில்லை என்று எனக்குப் பட்டது. பஸ் வளைவில் திரும்புவதற்குள் அதைச் சொல்லிவிட்டேன்.