ரம்மியில் நான் ஜெயிக்கத் தொடங்கியபோது

கல்யாணமானதிலிருந்து ரம்மியில் என் கணவரை நான் ஜெயித்ததாக நினைவே இல்லை. தி.நகரில் ஜாக்கெட் துணி மேட்சிங் கடை வைத்திருந்த மனிதர். புடவையை ஒருமுறை பார்த்தால் போதும், அதற்கேற்ற துணி எந்தத் தட்டில் இருக்கிறதோ அங்கே நேராகக் கை போகும். அப்படிப்பட்டவருக்கு நான் எடுக்கிற, போடுகிற சீட்டுகளை ஞாபகம் வைத்துக்கொள்வது பெரிய வேலையா? கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு, ராஜா அண்ணாமலைபுரம் ஃப்ளாட்டில் தினமும் சாயங்காலம் காபி குடித்துவிட்டு நான் தோற்பது வழக்கமாகிவிட்டது.

போன வருஷம் ஒருநாள் ஜெயித்தேன். மறுநாளும் ஜெயித்தேன். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஃபோன் போட்டுப் பீற்றிக்கொண்டேன். அப்படியே ஜெயித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள், அவர் போட்ட இஸ்பேடு ராணியை நான் எடுத்தேன். அடுத்த கையிலேயே இஸ்பேடு ராஜாவையும் போட்டார்.

“என்னங்க, இப்பத்தானே ராணிய எடுத்தேன்?”

“எடுத்தியா?” என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

“வயசானா மறக்காதா?” என்று முரண்டு பிடித்தவரை மந்தைவெளியில் இருக்கும் எங்கள் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சில கேள்விகள் கேட்டார். பிறகு பிரஷர் பார்த்தார், நாடி பிடித்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“மறதிக்குத்தானம்மா வந்தோம். நெஞ்சுல என்ன கேக்குறீங்க?”

“மூளைக்கு ரத்தம் அனுப்புறதே இதுதான சார். பிரஷர் ஏகத்துக்கும் இருக்கு. மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

என் கணவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “உடம்பு நல்லாத்தான இருந்துச்சு, அதான்...” என்று இழுத்தார். தினமும் நான் “போட்டாச்சா?” என்று கேட்க, “ஆச்சு, ஆச்சு” என்று சொன்னதெல்லாம் பொய்!

ஈசிஜி எடுத்ததில் இதயத் துடிப்பும் சீராக இல்லை என்று தெரிந்தது. இதய டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.

“போன ஞாபகமெல்லாம் திரும்பிடும்னு சொல்ல மாட்டேன். ஆனா இதயத்தப் பாத்துக்கிட்டா மூளைக்கும் நல்லது. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம்.”

ஆட்டோவில் திரும்பினோம். வீடு நெருங்கும்போதுதான் மெல்லச் சொன்னார்: “அன்னிக்குக் கடைக்குப் போனேன்ல, ஒரு கிளிப்பச்சைப் புடவைக்குப் பாசிப்பச்சைத் துணிய எடுத்துக் குடுத்துட்டேன். லைட்டு சரியில்லன்னு சமாளிச்சேன். பயந்துட்டேன் புள்ள.”

கையைப் பிடித்துக்கொண்டேன்.

இதய டாக்டரையும் பார்த்துவிட்டு வந்தபின், மாத்திரையை என் கண்ணெதிரே போட்டார். காலையில் என்னோடு நடக்க வந்தார். வழியெல்லாம் முணுமுணுப்பு, ஆனாலும் வந்தார். சில மாதங்களில் ஆட்டம் சூடு பிடித்தது. பழைய வேகம் முழுசாக வரவில்லை. ஒருநாள் அவர் ஜெயிப்பார், ஒருநாள் நான். எனக்கு அதுவே நிம்மதி.

அடுத்த முறை போனபோது, “அம்மாவுக்கும் ஒருதடவ பாத்துடலாமே” என்று டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றினார். பார்த்தால், என் பிரஷர் அவருடையதைவிட அதிகம்!

“டாக்டர், இவளுக்கு முதல்ல ஊறுகாய நிறுத்தச் சொல்லுங்க” என்றார் என் கணவர். அப்படியொரு சந்தோஷத்தை அந்த முகத்தில் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

அன்றைக்கே ஆவக்காய் ஜாடி மகன் வீட்டுக்குப் போய்விட்டது. மத்தியானம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, வெறும் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டோம்.