மணலில் இறங்கிய ஜாக்கி

எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு என் கணவரேதான் மெக்கானிக். பொன்னேரி மார்க்கெட்டுக்கு மீன் ஏற்றிப்போக அவரும் அவருடைய அண்ணனும் கூட்டாக வாங்கிய வண்டி அது.

அன்று லைட்ஹவுஸ் குப்பத்தில் பெட்டிகளை ஏற்றிக் கிளம்பியதும் பின்சக்கரத்தில் சத்தம் கேட்டது. "எறக்கி ஏத்த நேரம் இல்ல, அப்டியே பாத்துடறேன்" என்று என் கணவர் மணலிலேயே ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தார். ஜாக்கி புதைந்து சாய்ந்தது. பிரேக் டிரம் அவர் கைமேல் இறங்கியது.

அவர் அலறினார். நான் தூக்கிப் பார்த்தேன், வண்டி அசையவில்லை. "மாமா, வந்து புடிங்க!" என்று பக்கத்தில் நின்றிருந்த அவருடைய அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இரும்மா, பாரம் கொறையட்டும்" என்று அவர் பெட்டிகளை இறக்கினார். அப்படியே கீழே தள்ளியிருக்கலாம். ஒவ்வொன்றாகச் சுமந்துபோய் நிழலில் அடுக்கினார். "ஐஸ் கரைஞ்சிட்டா மீனு இன்னாத்துக்கு ஆவும்?" என்றார்.

வலை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்துதான் வண்டியைத் தூக்கினார்கள். என் கணவருக்கு மூன்று விரல்கள் போய்விட்டன. மீன் ஒன்றும் கெடவில்லை.

இப்போதெல்லாம் பெட்டிகளை இறக்கி, கெட்டித் தரையில் பலகை போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகுதான் ஜாக்கி ஏற்றுகிறோம். இவ்வளவும் செய்திருந்தாலும், அண்ணன் மட்டும் பக்கத்தில் நின்றால் என் கணவரை வண்டிக்கு அடியில் படுக்க நான் விடுவதில்லை.