பைலட் அண்ணையும் ஆமணக்கெண்ணெயும்

ஆமணக்கெண்ணெயின் மணம் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. மூக்கில் ஏறினால் லேசில் இறங்காத, தடித்த, பச்சையான ஒரு வாடை. எனக்கு அது ஆகாயத்தின் மணம். பதினொரு வயதில், மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக் குசினி மேசையில், நகர நூலகத்தில் எடுத்து வந்த ஒரு விமானியைப் பற்றிய மெல்லிய பிரெஞ்சுப் புத்தகத்தை வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். முதலாம் உலகப் போர்க்கால விமானங்கள் சிலவற்றின் இயந்திரத்துக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள், பறக்கும்போது அது சிதறி விமானியின் முகமெல்லாம் படியும் என்று அதில் இருந்தது. வாசித்த கையோடு எழுந்துபோய், அம்மா தலைக்கு வைக்கும் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தேன். இவரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று அந்த நிமிடத்தில் தோன்றியது.

நவம்பரில் எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரும் போருக்குப் போன ஒருவரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகள் பூட்டனின் பதக்கம், தாத்தாவின் தொப்பி என்று கொண்டு வந்தார்கள். எங்கள் வீட்டிலும் போர் இருந்தது, ஆனால் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. ஆகவே நான் புத்தகத்திலிருந்து ஒருவரை எடுத்துக்கொண்டேன்.

அவர் மொன்றியலில் ஒரு பேக்கரிக்காரரின் கடைசி மகன். காலாட்படையில் சேர்ந்து, ஒரு மாரிகாலம் முழுவதும் சேற்றுக் குழிகளில் கிடந்து, தலைக்கு மேலே போன விமானத்தைப் பார்த்துவிட்டு, அங்கேயாவது கால் நனையாது என்று நினைத்து விண்ணப்பித்தவர். முதலில் பின் ஆசனத்தில் இருந்து எதிரியின் பதுங்குகுழிகளைப் படமெடுத்தார், பிறகு ஒற்றை ஆசன விமானம் கிடைத்தது. வானொலி இல்லை, பரசூட் இல்லை, கதைக்க ஆளில்லை. காற்றிலே தனக்கே கேட்காத பாட்டை உரத்துப் பாடிக்கொண்டு பறப்பாராம். அந்த வரியை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! கழுத்தில் வீட்டுக் கதவின் திறப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு பள்ளியிலிருந்து வந்து, அம்மா தையல் தொழிற்சாலையிலிருந்து திரும்பும்வரை தனியே இருந்த பிள்ளை நான். அப்பாவோ டவுன்டவுன் உணவகமொன்றின் குசினிக்கு அதற்கு முன்பே போயிருப்பார். வெறும் வீட்டில் நானும் பாடிக்கொண்டுதான் இருப்பேன். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாதபடியால் அவரை நான் ‘பைலட் அண்ணை’ ஆக்கிக்கொண்டேன்.

வெளிப்படிக்கட்டின் மேல் வளைவுதான் என்னுடைய விமானம். முகத்தில் எண்ணெய் பூசி, அப்பாவின் சால்வையைச் சுற்றிக்கொண்டு அதில் குந்தியிருந்த என்னை ஒருநாள் அம்மா பிடித்துவிட்டார்.

“என்னடி கோலம் இது?”

“பைலட் அண்ணை இப்பிடித்தான் இருப்பார் அம்மா.”

“ஆரடி அந்த அண்ணை? எங்கட சொந்தத்தில ஆரும் பிளேன் ஓட்டேல்லையே. பேதிக்குக் குடுக்கிறதை முகத்தில பூசிக்கொண்டு நிக்கிறாய், உள்ள வா.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவருக்கும் முன்னால் ஒத்திகை பார்த்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சில் எழுதியதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, எண்ணெய்ப் புகையைச் சுவாசித்து விமானிகளுக்கு வயிற்றால் போகும் என்ற இடத்தில் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்ப நாங்களும் பைலட்மார்தான். ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் இதைப் பருக்கித்தான் விட்டவை. கக்கூசுக்கும் வீட்டுக்கும் ஒரே பறப்பு.”

அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே நான் அடுத்த வரிக்குப் போனேன்: இறக்கைக்கடியில் குண்டுகளைக் கட்டிக்கொண்டு போய் எதிரியின் ரயில் நிலையம் ஒன்றைத் தாக்கிப் பத்திரமாகத் திரும்பியதற்காக அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

அப்போது டோர்வால் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானம் ஒன்று எங்கள் கூரைக்கு மேலே போனது. அம்மா வழமைபோலத் தலையைக் குனிந்து, வாயை இலேசாகத் திறந்துகொண்டார். விமானச் சத்தம் கேட்டால் அவருக்குக் கொட்டாவி வரும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். ‘பொம்மர்’ என்ற குண்டுவீச்சு விமானம் வரும்போது செவிப்பறை கிழியாமல் இருக்க வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டுமென்று யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பது பிறகுதான் தெரியும்.

சத்தம் ஓய்ந்ததும் அம்மா கேட்டார்: “அந்த ஸ்ரேசனில சனம் நிண்டதோ?”

“புத்தகத்தில இல்லை.”

“வடிவாப் பார்.”

“இல்லையம்மா.”

“எழுதினவனுக்குத் தெரியாதோ, மேல இருந்தவனுக்குத் தெரியேல்லையோ?”

“விடப்பா,” என்றார் அப்பா. “பிள்ளை பள்ளிக்கூடத்துக்குச் செய்யுது.”

“நான் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லையே. நாங்கள் கீழ நிண்டனாங்கள், அதால கேட்டனான்.”

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். வகுப்புக்கு வருவதாக, அரைநாள் லீவு கேட்டிருப்பதாக முன்பு சொல்லியிருந்தவர், அந்தக் கிழமை முழுவதும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்க எனக்கும் பயம். அண்ணையை விட்டால் அம்மா வருவாரோ, அம்மாவுக்காக அண்ணையை விடலாமோ என்று படிக்கட்டில் இருந்து யோசித்தபோது, முதல்முறையாக அந்த விமானத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

பேச்சு நாளன்று கன்னங்களில் எண்ணெயோடு போனேன். குளிரில் அது இறுகிப்போயிருந்தது. முன்வரிசையில் ஒருவன் மூக்கைப் பொத்தினான், சிரிப்புப் பரவியது. நான் நிமிர்ந்தபோது, பின்சுவரோடு, குளிர்க்கோட்டைக் கழற்றாமல் அம்மா நின்றுகொண்டிருந்தார். ‘இவரே என் வீரர்’ என்று முடிக்க மனப்பாடம் செய்திருந்தேன். அதைச் சொல்லவில்லை. அந்த ரயில் நிலையத்தில் அன்றைக்கு யார் யார் நின்றார்கள் என்று இந்தப் புத்தகத்தில் இல்லை, எனக்கு அது தெரிய வேண்டும் என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு என் இடத்தில் போய் இருந்துவிட்டேன்.

அம்மாவுக்கு என்னுடைய பிரெஞ்சு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பஸ் தரிப்பிடத்தில் தன் ஸ்கார்ப்பின் நுனியால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“போர் முடிஞ்சு வந்து என்ன செய்தவன்?”

“சந்தைத் திருவிழாக்களில ஆக்களைப் பிளேனில ஏத்திப் பறந்து காட்டினவர். பேந்து அதையும் விட்டிட்டார். ஒரு வாடகை அறையில தனிய இருந்து செத்தவர்.”

“ஆராவது சாப்பாடு குடுத்திருப்பினமோ தெரியாது,” என்றார் அம்மா. அண்ணையைப் பற்றி அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததேயில்லை.

அந்த வீட்டை நாங்கள் விட்டு வந்து கனகாலம். படிக்கட்டைப் பிடுங்கிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் முன்னொரு காலத்தில் இருந்த விமானத் திடலில் ஓடுபாதை இருந்த தடமே இல்லை, வரிசையாக வீடுகள். நூலகத்திலும் அந்த மெல்லிய புத்தகம் இல்லை, கழித்துவிட்டார்களாம். ஆமணக்கெண்ணெய்ப் போத்தல் மட்டும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது.

பைலட் அண்ணையின் வாழ்க்கையைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். பேக்கரி எழுதியாயிற்று, சேறு எழுதியாயிற்று, பாட்டும் எழுதியாயிற்று. ரயில் நிலையத்தில் நிற்கிறேன். வருகிற கோடையில் அந்த நிலையம் இருந்த சிறு நகரத்துக்கே போய், கல்லறைகளையும் தேவாலயத்தையும் பார்த்து, அன்றைக்குக் கீழே நின்றவர்களின் பெயர் ஒன்றாவது கிடைக்குமா என்று தேடப்போகிறேன். அம்மாவும் வருகிறார். டிக்கெட் எடுக்கக் கணினி முன் இருந்தபோது பின்னால் வந்து நின்று சொன்னார்:

“யன்னல் பக்கம் எனக்கு எடு. மேல இருந்து பாத்தா ஆக்கள் தெரியுமோ எண்டு ஒருக்காப் பாக்கவேணும்.”