வயிற்றின் மேல் போட்ட கோடுகள்

கல்லீரலில் கட்டி என்றதுமே ஊரில் முதல் கேள்வி, "ஏனுங்க, உங்க ஊட்டுக்காரருக்குங்களா?" என்பதுதான். இல்லை, எனக்கு என்றால் மேலும் கீழும் பார்ப்பார்கள். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையைச் சுற்றித் தோப்புக்குத் தோப்பு கள் இறக்குகிற மண் எங்களுடையது. ஈரல் கெட்டால் அது குடியால்தான் என்று இங்கே எல்லோரும் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். பால் சொசைட்டியில் ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். "ஆமா, தெனம் ஒரு குடம் குடிக்கறேன், நீதான ஊத்திக் குடுத்தே" என்று சொல்லிவிட்டு வந்தேன். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து ஈரலைத் தழும்பாக்கும் என்று அவளுக்கு யார் உட்கார்ந்து விளக்குவது?

கோயம்புத்தூர் டாக்டர் நிதானமாகப் பேசினார். கட்டி சின்னது, ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் மீதி ஈரலும் பாதி கெட்டுக் கிடப்பதால் அறுவை சிகிச்சை தாங்காது. கதிர்வீச்சை வைத்து நாலைந்து நாளில் கட்டியை மட்டும் சுட்டுவிடலாம். அதில் ஒரு சிக்கல். நாம் மூச்சு விட விட ஈரல் மேலும் கீழும் நகருமாம். மூச்சைப் பிடித்து அசையாமல் கிடந்தால்தான் குறி தப்பாது.

"பிடிக்க முடியலைன்னா அகலமா சுடணும். நல்ல ஈரலும் சேர்ந்து போயிடும். அதை உங்க உடம்பு தாங்காதும்மா. அப்ப இந்த வைத்தியம் வேண்டாம்னுதான் நான் சொல்வேன்" என்றார்.

ஆக, என் உயிர் என் மூச்சில்தான் இருந்தது. அந்த நேரத்தில் எங்க ஊட்டுக்காரர் வாயைத் திறந்தார். "அப்பக் கஷ்டமுங்க டாக்டர். இவ ஒரு நிமிசம் பேசாம இருந்து நானே பாத்ததில்லீங்க."

வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அளவெடுக்கிற ஸ்கேனில் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். பாதியில், "செரியா இருக்குதுங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். திரும்பத் திரும்பச் செய்து ஒருவழியாக முடித்தார்கள். பிறகு வயிற்றிலும் விலாவிலும் மையால் கோடுகள் போட்டு, அதன்மேல் கண்ணாடி மாதிரி டேப் ஒட்டினார்கள். அந்தக் கோடுகளை வைத்துத்தான் மெஷினில் படுக்க வைப்பார்களாம். சோப்பு கூடாது, தேய்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எனக்குத் துணையாகப் பக்கத்துக் கோபாலபுரத்திலிருந்து நங்கை வந்திருந்தார். எங்கள் பக்கம் கணவரின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். சிகிச்சை தொடங்குகிற நாள் வெள்ளிக்கிழமை. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவள் எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல் படி இறங்குவதா என்று காலையிலேயே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். "தலைக்கு மட்டும் நங்கை, மேலுக்கு வேண்டாம்" என்று உட்கார்ந்தேன்.

எண்ணெய் போகத் தேய்க்கிற அரப்புத்தூள் கண்ணில் பட்டால் கண்ணைத் திறக்க முடியுமா? இறுக மூடிக்கொண்டிருந்தேன். தலையைத் தேய்த்த கை முதுகுக்குப் போனது, முதுகிலிருந்து விலாவுக்கு வந்தது. வயிற்றில் பரபரவென்று உணர்ந்து நான் தட்டிவிடுவதற்குள், "ஆசுபத்திரியில என்னமோ பிளாஸ்திரிய ஒட்டிக் கிறுக்கி உட்டிருக்கறாங்க அம்முணி, உரிச்சுத் தேச்சுட்டேன்" என்கிறார். தண்ணீரை அள்ளிக் கண்ணைக் கழுவிப் பார்த்தேன். ஒரு கோடுகூட இல்லை.

"அய்யோ, என்ற உசுரயே அழிச்சுப் போட்டீங்களே!" என்று கத்தினேன். தோப்பில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்துவிட்டார்கள். நங்கை அரப்புக் கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்கிற பெண், நம்ம பாலக்காட்டுப் பெண்தான், தலையில் கை வைத்துக்கொண்டாள். மறுபடி ஸ்கேன், மறுபடி கணக்கு, மறுபடி கோடு. ஒரு வாரம் தள்ளிப்போயிற்று. "இதுக்கு மேல தள்ளக் கூடாது. மூச்சும் இப்படி விட்டு விட்டு வரக் கூடாது" என்றார் டாக்டர். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்த வாரம் முழுக்க நங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊருக்குப் போங்கள் என்று ஊட்டுக்காரரை விட்டுச் சொல்லச் சொன்னேன். நங்கை போகவில்லை. அடுப்படியில் சத்தமில்லாமல் நடமாடினார். நான் மாடு கறக்கும்போதும், மோட்டார் போடப் போகும்போதும் மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பழகினேன். தலை கிறுகிறுத்தது. விடவில்லை.

அந்த நாள் வந்தது. மெஷினுக்கு அடியில் படுத்தேன். எல்லோரும் வெளியே போய்க் கதவு மூடியது. அந்தப் பெண்ணுக்கு வெண்கலத் தொண்டை. மைக்கில் அவள் சொல்வது வெளியே பெஞ்சு வரைக்கும் கேட்கும். "மூச்சை இழுங்கோ... பிடிங்கோ!" பிடித்தேன். தொண்டை கமறி இருமிவிட்டேன். மெஷின் நின்றது. தீர்ந்தது என்று நினைத்தேன். கண்ணீர் காதுக்குள் ஓடியது, துடைக்கவும் கை அசைக்கக் கூடாது. இந்தக் கட்டிக்கு நான் சாகிறதா? முடியாது. அடுத்த தரம் சொன்னபோது பல்லைக் கடித்துப் பிடித்தேன். மெஷின் ஓடியது. நிற்காமல் ஓடியது. விடச் சொன்னாள், விட்டேன். பிடிக்கச் சொன்னாள், பிடித்தேன். கடைசிவரைக்கும் மறுபடி நிற்கவே இல்லை.

"அம்மா, கலக்கிட்டீங்க!" என்று அந்தப் பெண் ஓடிவந்து கையைப் பிடித்து எழுப்பினாள்.

வெளியே வந்தால் பெஞ்சில் நங்கை முகமெல்லாம் வேர்த்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். ஊட்டுக்காரர் துண்டால் விசிறுகிறார்.

"என்னாச்சு இவங்களுக்கு?"

"நீ உள்ள புடிக்கறப்பெல்லாம் இவங்களும் இங்க புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. விடுங்கன்னாலும் கேக்கல."

நங்கை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்கு வேற என்ன செய்யத் தெரியும் அம்முணி?" என்றார்.

குனிந்து அவர் கையைப் பிடித்தேன்.

"எந்திரிங்க நங்கை. நாளைக்கும் புடிக்கோணும்."