பறியைக் கவ்வும் பல்

பல் விஷயத்தில் எங்களுக்கு யாரும் வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பழவேற்காடு ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்துக் கூடையில் போட வேண்டும். அந்த ஓலைக்கூடைக்குப் பறி என்று பெயர். கை இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும்போது பறியை எங்கே வைப்பது? வாயில்தான். அதன் கயிற்றை முன்பல்லால் கவ்விக்கொள்வோம். கவ்வினால் கரையேறும்வரை விடுவதில்லை.

நண்டு விரலைக் கடிக்கும். கெளுத்தி முள் குத்தி உள்ளங்கை விண்விண்ணென்று தெறிக்கும். "ஐயோ" என்று வாயைத் திறந்தால் போச்சு, பறி கவிழ்ந்து அதுவரை பிடித்ததெல்லாம் ஏரிக்கே. என்னோடு வருகிற பெண்கள் எல்லோருமே எப்போதாவது வாயைத் திறந்தவர்கள்தான். நான் ஒருத்திதான் வலிக்காக ஒரு தடவைகூடப் பறியை விட்டதில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

என் மகளுக்கு அப்போது இரண்டரை வயதிருக்கும். கரையேறி நான் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்த நேரத்தில், காலிப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, என்னைப் போலவே முதுகை வளைத்து நடந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த நொடி பறி அவள் காலுக்குள் சிக்கியது. கரையில் இழுத்துப் போட்டிருந்த யாருடைய படகிலோ வாய் போய் மோதியது.

தூக்கிப் பார்த்தால் வாயெல்லாம் ரத்தம். மேல்வரிசை முன்பல் இரண்டில் ஒன்றைக் காணோம். மண்ணிலும் இல்லை. என் வீட்டுக்காரர் இறால் வியாபாரியின் பெட்டியிலிருந்து ஐஸை அள்ளித் துணியில் சுற்றி உதட்டில் வைத்தார். ரத்தம் நின்றபின் பார்த்தால், பல் எங்கேயும் போகவில்லை. ஈறுக்குள்ளேயே ஏறிப் புதைந்திருந்தது. நுனி மட்டும் அரிசி மாதிரி தெரிந்தது. பொன்னேரியில் இருக்கும் பல் டாக்டரிடம் உடனே கிளம்பினேன்.

"பால் பல்லு தானே, இதுக்குப் போய் இன்னாத்துக்கு பொன்னேரி வரிக்கும் ஓட்றே? எப்படியும் விழுந்து மொளைக்கப் போவுது" என்றார் என் வீட்டுக்காரரின் அக்கா. ஊரில் பாதிப்பேர் அதையே சொன்னார்கள். எனக்கு ஒரு குணம், நாலு பேர் வேண்டாம் என்றால் கட்டாயம் செய்வேன். "மொளைக்கிற பல்லு எங்க கீது அண்ணி? அதுக்கு மேலதானே கீது? இது போய் அத்த இடிச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாய்க்கு வந்ததைத்தான் கேட்டேன். ஆனால் அது சரியான கேள்வி என்று பொன்னேரிப் பல் டாக்டரம்மாவே சொன்னார்.

சின்ன வயசு டாக்டர். பிள்ளையை என் மடியிலேயே படுக்க வைத்துப் பார்த்தார். "இத இப்ப இழுக்க வேணாம். பெரும்பாலும் தானா கீழ எறங்கிடும். ஆனா பால் பல்லோட வேருக்குப் பக்கத்துலயே நிலைப்பல்லு வளந்துட்டு இருக்கு. இன்னும் கெட்டிப்படல. அடி அதுக்கும் பட்டிருக்கலாம், இப்ப தெரியாது. நீங்க வாரா வாரம் உதட்டத் தூக்கிப் பாருங்க. பல்லு கறுத்தாலோ, ஈறுல கொப்புளம் வந்தாலோ உடனே வாங்க" என்றார்.

அவர் சொன்னபடி சில மாதத்தில் பல் இறங்கியது. ஆனால் சாம்பல் நிறத்தில் இறங்கியது. மறுபடி பஸ். "உள்ளே உயிர் போயிருக்கலாம். வலியும் வீக்கமும் இல்லாதவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும், ஆனா பார்த்துட்டே இருங்க" என்றார். பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டியதும் உதட்டைத் தூக்கிப் பார்ப்பது எங்கள் வீட்டு வழக்கமாகவே ஆனது. அவளும் பழகிப்போய், குளித்ததும் தானே வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்பாள்.

நாலு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாயைத் திறக்கவில்லை. கெஞ்சினேன், மிரட்டினேன், முறுக்கு காட்டினேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். எனக்கு மகளாயிற்றே, வாயை மூடிவிட்டால் திறக்க வைக்க முடியுமா? கடைசியில் முறுக்குதான் காட்டிக்கொடுத்தது. எப்போதும் முன்பல்லால் நறுக்கென்று கடிப்பவள், அதை அப்படியே கடைவாய்க்குத் தள்ளிக்கொண்டாள். அவளுடைய நைனா பிடித்துக்கொள்ள, நான் உதட்டைத் தூக்கினேன். சாம்பல் பல்லுக்கு மேலே ஈறில் கொப்புளம். சீழ் கட்டியிருந்தது.

"ஏண்டி சொல்லல?"

"பல்லப் புடுங்கிடுவாங்க. பல்லு இல்லாங்காட்டி பறி கவ்வ முடியாதுன்னு அத்தை சொல்லிச்சு. அப்புறம் நீ என்ன ஏரிக்கே இட்டும் போவ மாட்டே."

அத்தை விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அவர் எதிரில் இல்லாதது நல்லதாயிற்று. இந்தச் சின்ன உடம்பு, என்னோடு ஏரிக்கு வரவேண்டும் என்பதற்காக வலியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினேன்.

டாக்டரம்மா மரத்துப்போக ஊசி போட்டு அந்தப் பல்லை எடுத்துவிட்டார். உள்ளே சீழ் தங்கினால் மேலே இருக்கிற நிலைப்பல்லையும் கெடுக்கும் என்றார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன், "நிலைப்பல்லு வருமா, வராதா?"

"வரும்னுதான் நெனைக்கிறேன். லேட்டா வரலாம். கோணலா வரலாம். கறையோட வரலாம்."

"வராமலே போயிடுமா?"

"அதுவும் நடக்கலாம்" என்றார். பொய் சொல்லாத டாக்டர் என்று அப்போதே அவரைப் பிடித்துப்போனது. ஆனால் அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பதில்தான் என் நெஞ்சை அழுத்தியது.

ஏழு வயதில் அவளுக்கு இன்னொரு முன்பல் விழுந்து, அதன் இடத்தில் அகலமாகப் புதுப்பல் முளைத்தது. பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. மாதங்கள் போயின. எட்டு வயதும் ஆனது. பள்ளிக்கூடத்தில் "சந்து" என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வைத்த பையனின் வீட்டுக்கே போய் நான் பேசிய பேச்சில், அந்தப் பட்டப்பெயர் தெருவைவிட்டே ஓடிப்போனது. ஆனால் அவள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள். அதை யார் வீட்டில் போய்ப் பேசி நிறுத்துவது? எக்ஸ்ரே எடுத்தோம். "இருக்கு, கொஞ்சம் சாஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், வரலன்னா ஈறைக் கீறி வழி பண்ணலாம்" என்றார் டாக்டரம்மா. இருக்கிறது என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். வந்தே தீரும் என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன். தனியாக இருக்கும்போது மட்டும் பயந்தேன்.

போன கோடை விடுமுறையில் ஒருநாள். அவள் கரையோரம் முழங்கால் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் சற்றுத் தள்ளி, வாயில் பறியோடு துழாவிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நல்ல பாடு. பெரிய பெரிய இறாலாகக் கையில் ஏறின. பறி கனத்துக் கழுத்து வலித்தது.

"அம்மா, நாக்குல இன்னாவோ குத்துது."

"ம்" என்றேன். பறி வாயில் இருந்தால் அவ்வளவுதான் பேச முடியும்.

"அந்த எடத்துலம்மா. காலியா கீதே, அங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு என் முகத்துக்கு நேராக வந்து, கையால் மூடாமல், வாயை அகலத் திறந்தாள். ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை விளிம்பு எட்டிப் பார்த்தது. லேசாகச் சாய்ந்திருந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு கறை. டாக்டரம்மா சொன்ன அத்தனையும் இருந்தது. பல்லும் இருந்தது.

"வந்துடுச்சுடீ!" என்று கத்தினேன்.

பறி தொப்பென்று தண்ணீரில் விழுந்து கவிழ்ந்தது. காலுக்கடியில் இறால்கள் துள்ளித் துள்ளி ஓடுவது தெரிந்தது. சுற்றிலும் இருந்த பெண்கள், வாயில் பறியோடு, என்னையே பார்த்தார்கள்.

"அம்மா, எறா எல்லாம் போவுது! எறா போவுது!" என்று அவள் குனிந்து தண்ணீரில் கையை விட்டாள்.

நான் அவளுடைய இரண்டு கன்னத்தையும் பிடித்து நிமிர்த்தினேன்.

"போவட்டும். நீ இன்னொரு தபா வாயத் தொற."