மிளகில் அழுக்கு இல்லை

“மொளகு காயப்போடத் தெரியாத புள்ள, அதுக்குள்ள லேசர் அடிச்சு என்னத்தக் கண்டுபுடிக்கப் போவுது?”

எங்கள் மலையின் குண்டூர் நாட்டில், எங்கள் பாறையில் மிளகு காய்ந்துகொண்டிருந்தபோது பெரியப்பா சொன்னது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இரண்டு கிலோ மிளகைப் பையில் கட்டிக்கொண்டு ஆய்வகத்துக்கு பஸ் ஏறினேன்.

மிளகின் காரம் பைப்பரின் என்ற மூலக்கூறு. வெளிச்சம் பட்டால் அது முறுக்கிக்கொண்டு வடிவம் மாறும். அந்த வேகத்தை அளப்பதுதான் என் வேலை. முதல் லேசர் துடிப்பு மூலக்கூறைத் தட்டி எழுப்பும். பின்னாலேயே வரும் இரண்டாவது துடிப்பு அது என்ன செய்கிறது என்று பார்க்கும். இடைவெளி ஃபெம்டோ நொடிக் கணக்கு. ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, மறுபடியும் கோடியால் வகுத்து, இன்னும் பத்தால் வகுத்தால் ஒரு ஃபெம்டோ நொடி.

லேசர் எனக்கு மூன்று வாரம்தான். அதற்குள் தரவு வராவிட்டால் அடுத்த முறை ஆறு மாதம் கழித்து.

முதல் நாளே கிராஃபின் தொடக்கத்தில் ஊசி போல ஒரு சிக்னல் நின்றது. என் வழிகாட்டி பார்த்தார்.

“சாம்பிள்ல அழுக்கும்மா. கடையில சுத்தமான பைப்பரினே விக்கிறப்ப ஊர் மொளகு எதுக்கு?”

மிளகிலிருந்து பிரித்த பைப்பரினை மூன்று முறை படிகமாக்கிச் சுத்தம் செய்தேன். ஊசி அசையவில்லை. இரண்டு வாரம் போயிற்று.

“வெறும் கரைப்பானை ஓட்டிப் பாக்கலாங்களா?” என்று சீனியர் துரையிடம் கேட்டேன்.

“பிளாங்க் போன வருசமே எடுத்தாச்சு கண்ணு. ஃபைல்ல கெடக்கு. அதைக் கழிச்சிட்டுப் போ.”

கழித்துக் கழித்து அலுத்துப்போய், ஒரு மதியம் மிளகே போடாமல் கரைப்பானான எத்தனாலை மட்டும் ஓட்டினேன். அதே ஊசி. அதே உயரம்.

போன வருடப் பிளாங்க், சாம்பிளை ஊற்றி வைக்கும் குவெட் என்ற சின்னக் கண்ணாடிக் குப்பியில், மெல்லிய சுவர் உள்ளதில் எடுத்தது. இப்போதிருப்பது தடித்த கண்ணாடி. சிக்னல் கண்ணாடியுடையது. இரண்டு வாரமாக நான் கழுவியது குற்றமில்லாத மிளகை.

துரையைத் திட்டலாம். ஆனால் முதல் நாளே பத்து நிமிடம் செலவழித்திருக்க வேண்டியவள் நான். குவெட் மாறினால் பிளாங்க்கும் புதிதாக எடுக்க வேண்டும். யார் ஃபைலில் எது கிடந்தாலும் சரி.

வழிகாட்டியிடம் இரண்டு கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, “சரிம்மா, ஊர் மொளகையே ஓட்டு” என்றார்.

பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்ப நம்ம மொளகுல குத்தமில்லீன்னு சொல்றே?”

“இல்லீங்க பெரியப்பா.”

“அதத்தான் நான் அப்பவே சொன்னேன்” என்றார். அவர் சொல்லவே இல்லை.

மிச்சம் ஆறு நாள். இன்று காலை மெல்லிய குவெட்டில் புதுப் பிளாங்க் எடுத்து முடித்தேன். இப்போது மிளகு ஓடிக்கொண்டிருக்கிறது.